இடப்பக்கத்து வைப்பர்

வில்லாபுரம் கார் ஸ்டாண்டில் அழகுபாண்டியின் வண்டியைத் தூரத்தில் இருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். வெள்ளை நிற டீசல் கார். முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் கெட்டியாக மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம் வைத்து ஒரு குங்குமப் பொட்டு. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அது புதுப்பிக்கப்படும். நடுவில் வண்டி கழுவுகிற ஆள்கூட அதில் கை வைக்கக் கூடாது. வண்டி பழசுதான். ஆனால் அதைக் கிண்டல் செய்கிறவன் அன்றைக்கு அவரோடு டீக்கடைப் பக்கம் போக முடியாது.

ஆள் கீழக்குயில்குடிப் பக்கம். சமணர் மலை அடிவாரத்தில் அப்பாவுக்கு இருந்த நிலத்தை அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கொரு வரப்புதான் மிஞ்சும் என்று தெரிந்த வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனார். கிளீனர் டிரைவரானது, டிரைவர் முதலாளிகளிடம் ஏச்சு வாங்கியது, கடைசியில் சொந்தமாக ஒரு கார் எடுத்து வில்லாபுரத்தில் குடியேறியது எல்லாம் ஊரில் நாலு பேருக்கு நடப்பதைப் போலத்தான் நடந்தது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரோட்டில் நிதானமானவர், வாயில்தான் நிதானம் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் பேச்சு நிற்காது. ஏறியவர் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், "அங்க பாருங்க, அந்தா தெரியுதுல்ல, அதுதான் தெற்குக் கோபுரம்" என்று காட்டாமல் விடமாட்டார். ஊரையே அவர்தான் கட்டி வைத்தது போல அப்படி ஒரு பெருமை.

மழை என்றால் மட்டும் அவருக்கு இளக்காரம். மதுரையில் வருஷத்துக்கு எத்தனை நாள் மழை பெய்துவிடப் போகிறது, அதற்குப் போய் யாராவது வைப்பருக்குச் செலவு செய்வானா என்பார். அதனால் ஸ்டாண்டில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வைப்பர் தேய்ந்தால் ஒன்றே ஒன்று வாங்கி வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம் மாட்டுவது. வலது பக்கத்தில் கழற்றிய பழசை இடது பக்கத்துக்குத் தள்ளிவிடுவது. சவாரிக்காரர்கள் பின்னால்தான் உட்காருவார்கள். முன்னால் இடது சீட்டு டிபன் பாக்ஸும் தண்ணீர் கேனும் உட்காருகிற இடம். அதுகளுக்கு ரோடு தெரிந்து ஆவதென்ன?

போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை தோறும் வைப்பர் ரப்பரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவார். வெயிலில் காயாமல் இருக்கட்டும் என்று அவருக்கு முதன்முதலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த லாரி டிரைவர் சொன்னதாம். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

அவர் மனைவி முத்துத்தாய்க்கு இந்தக் காரில் ஏறும் பாக்கியம் வெகுகாலம் வாய்க்கவில்லை. தாய்மாமன் மகள், கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். கார் வந்த நாளில் ஆரத்தி எடுத்தாள், திருஷ்டிக்குப் பூசணிக்காய் சுற்றினாள், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மறுநாள் காலையில் வண்டி சவாரிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் அதில் உட்கார்ந்தது மகள் தமிழ்வாணியின் பிள்ளைக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டபோதுதான். அன்றைக்கும் சம்பந்தி வீட்டார் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்னால் மூன்று பேருக்கு நடுவில் பிரசாதத் தூக்குவாளியை மடியில் வைத்தபடி வந்தாள். ஒரு தடவைகூட, 'என்னையும் ஒரு சுற்று கூட்டிப் போங்க' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூட்டிப் போயிருப்பாரா என்பது வேறு விஷயம்.

முன்சீட்டு அவளுக்குக் கிடைத்தது சீக்கு வந்த பிறகு. சர்க்கரை வியாதி பல வருஷமாக உள்ளுக்குள் இருந்து சிறுநீரகத்தைத் தின்று தீர்த்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்யாமல் முடியாது என்று அண்ணாநகர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அழகுபாண்டி அந்த மூன்று நாளும் சவாரி எடுப்பதை விட்டார். டிபன் பாக்ஸைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்சீட்டைத் துடைத்தார்.

"பின்னாடி சாஞ்சு படுத்துக்கிறயா தாயி?" என்று முதல் நாள் கேட்டார்.

"வேணாம் மாமா, முன்னாடியே உக்காந்து வாரேன்" என்றாள்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் இருவருக்கும் அந்தப் பயணங்கள் பிடித்துப்போயின. வில்லாபுரத்தில் இருந்து கிளம்பி, தெப்பக்குளத்தைச் சுற்றி, குருவிக்காரன் சாலைப் பாலத்தில் வைகையைத் தாண்டி அக்கரைக்குப் போகிற அந்தச் சிறிய தூரத்துக்குள் அழகுபாண்டி ஊர் முழுவதையும் அவளுக்குக் காட்டினார். "அங்க பாரு தாயி, அந்த மில்லு இருந்த எடத்துல கல்யாண மண்டபம் வந்துருச்சு." "அந்தா பாரு, தெப்பக்குளத்துல பாதிக்கு மேல தண்ணி." அவள் தலையைத் திருப்பி, "ஆமா மாமா, நல்லா இருக்கு" என்பாள். போகிற இடம் ஆஸ்பத்திரி, கையில் குத்தப் போவது ஊசி, திரும்பும்போது துவண்டு போய்த்தான் வருவாள். இருந்தாலும் கிளம்புகிற காலையில் தலைக்குப் பூ வைத்துக்கொள்வாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அவர் இப்போதுதான் அவளிடம் பேசினார்.

ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினாள். நடக்கும்போது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். டிவி ஓடினாலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சீரியலைக் காதால் கேட்டபடி படுத்திருப்பாள். உடம்பில் தெம்பில்லை என்று அவர் நினைத்தார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அந்த வருஷம் ஐப்பசி, மதுரையை ஏமாற்றவில்லை. நாள் தவறாமல் பெய்தது. தீபாவளி கழிந்த ஒரு காலை, பாலத்தில் போகும்போது அழகுபாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆத்துல தண்ணி வந்துருச்சு தாயி! அங்க பாரு, கரையத் தொட்டுக்கிட்டுப் போகுது!" என்று கத்தினார். இடப்பக்க வைப்பர் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே போய் வந்தது. அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆமா மாமா, எம்புட்டு அழகா போகுது" என்றாள்.

அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு அவர் காருக்கு வந்தார். மெஷின் ஓடி முடிய மத்தியானம் ஆகிவிடும். பசித்தது. ஸ்டியரிங் இடிக்காமல் சாப்பிடலாம் என்று இடதுபக்கக் கதவைத் திறந்து அவளுடைய சீட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். அந்தச் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. மழை வலுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கை காட்டிக் கூப்பிடுவது போலத் தோன்றவும், எட்டி வைப்பரைப் போட்டார்.

கிறீச் என்று வைப்பர் வந்து போனது. அது போன பாதை முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்கு ரப்பர் கண்ணாடியைத் தொடவே இல்லை. கூப்பிடுவது ஆணா பெண்ணா தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் பலகையின் எழுத்து இழுசி இழுசி ஓடியது. மறுபடி வைப்பர் வந்தது. இருந்த கொஞ்சத்தையும் பூசி மெழுகிவிட்டுப் போனது.

கையில் எடுத்த சோற்று உருண்டை கையிலேயே இருந்தது. காலையில் பாலத்தில் அவள் இதன் வழியாகவா ஆற்றைப் பார்த்தாள்? இதில் எங்கே இருக்கிறது ஆறு? 'எம்புட்டு அழகா போகுது' என்றாளே! முந்தாநாள் வந்த மழையில், அதற்கு முந்தைய மழையில், 'பாத்தியா, பாத்தியா' என்று அவர் கேட்கக் கேட்க, ஒன்றுமே தெரியாத கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறாள். அவர் மனம் நோகக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பொய் சொல்லியிருக்கிறாள். தன் பக்கத்தை மட்டும் பளிச்சென்று வைத்துக்கொண்டு பெண்டாட்டிக்குப் பழைய ரப்பரைத் தள்ளிவிட்ட மனுஷன் நான், என்று அவருக்குத் தன் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. அன்றைக்கு டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் ரோட்டில் ஹரிராம் கடை ஷட்டரைத் தூக்கும்போதே அழகுபாண்டி வாசலில் நின்றார். ஹரிராம் சௌராஷ்டிரக்காரர், ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தில் அழகுபாண்டியோடு இருபது வருஷப் பழக்கம். சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கொண்டே, "என்னண்ணே, வலது பக்கந்தான? எடுத்து வைக்கவா?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

ஹரிராம் பத்தியோடு திரும்பிப் பார்த்தார். "இத்தன வருசத்துல இடது பக்கத்துக்கு நீங்க கேட்டதே இல்லையேண்ணே."

"இப்பக் கேக்குறேன்ல? நல்லதா எடு. உள்ளதுலயே நல்லதா எடு."

ஹரிராம் மூன்று தினுசு எடுத்து மேஜையில் போட்டார். ஒன்று இரும்புக் கூடு வைத்த வழக்கமான வைப்பர். "இதுல அங்கங்க முட்டு இருக்கு பாருங்க, அந்த முட்டுதான் ரப்பரை அழுத்தும். ஒரு முட்டு துருப்பிடிச்சு இறுகிருச்சுன்னா அந்த எடத்துல மட்டும் துடைக்காது, கோடு விழுகும்." இன்னொன்று கூடு இல்லாமல் வில் போல வளைந்திருந்தது. "இது மொத்த நீளத்துக்கும் ஒரே மாதிரி கண்ணாடிய அணைச்சுப் போகும். கோடே விழுகாது. ஆனா சாதா ரப்பரா இருந்தா நம்ம மதுரை வெயில்ல ஒரு கோடைக்கு மேல நிக்காது, அப்பளம் மாதிரி வெடிச்சுப் போகும்." மூன்றாவதும் அதே வில்தான், ரப்பருக்குப் பதில் சிலிகான். "வெயிலுக்கு அசையாது. ரெண்டு மூணு வருசம் கெடக்கும். வெல கூடத்தான்ணே, ஒளிச்சுச் சொல்லல."

அழகுபாண்டி மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் நீவினார், வளைத்தார், வெளிச்சத்தில் பிடித்தார். லாரி வாங்கும்போதுகூட ஒருவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான். "இதுல எது போட்டா பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்கு எல்லாமே தெரியும்? எழுத்து, ஆளு மொகம், எல்லாம்?"

"இந்த சிலிகான்தான். இன்னொண்ணு, இது சத்தமே போடாதுண்ணே. ஓடுதா நிக்குதான்னே தெரியாது."

"சத்தமும் வராதா? அப்ப அதையே குடு. பாவம், அந்தக் கிறீச்சுல அவளுக்குத் தலைவலி வேற."

"எடுத்தா ரெண்டு பக்கமும் சேத்து எடுங்க" என்ற ஹரிராம், எண்ணெய் சமாச்சாரத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "தேங்காய் எண்ணெயா? அண்ணே, எண்ணெய் போட்டா அது எப்பிடித் துடைக்கும்? பூசத்தான் செய்யும்! அப்புறம் அந்த விபூதிப் பட்டை. மழையில கரைஞ்சு எறங்கி ரப்பர் ஓரத்துல உக்காந்து அறுக்குது. நான் சொன்னா சாமிக் குத்தம்பீங்க. கண்ணாடி சுத்தமா இல்லேன்னா எந்த வைப்பரும் வேல செய்யாது."

அழகுபாண்டி வாதாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாளியில் சீயக்காய் கரைத்துக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்தார். பட்டைக்கு வந்தபோது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதையும் கழுவிவிட்டார். ஸ்டாண்டில் மொட்டைக் கண்ணாடியைப் பார்த்து ஆளாளுக்கு நக்கலடித்தார்கள். வழக்கமாகப் பாய்கிற மனுஷன் அன்றைக்குக் காது கேளாதவர் போல இருந்துவிட்டார்.

முத்துத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். "ஒன் பக்கம் ஒண்ணுமே தெரியல தாயி. நேத்து ஒன் சீட்டுல உக்காந்தப்பத்தான் பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"இதுக்கா இம்புட்டு வருத்தப்படுறீக? எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியல மாமா."

"சும்மா இரு. புதுசு மாட்டியிருக்கேன். கண்ணாடி இருக்கிறதே தெரியாது. துளி சத்தம் வராது. அடுத்த மழைக்கு நீயே பாரு. நீ பாத்து எங்கிட்டச் சொல்லு."

அவர் இதை வைராக்கியமாகவே எடுத்துக்கொண்டார். இனி 'அங்க பாரு' என்று சொல்லி அவளைத் தலையாட்ட வைப்பதில்லை. அவளே பார்க்கட்டும், அவளே சொல்லட்டும். இப்படி முடிவு கட்டியதும் மழை நின்றுபோனது. அடுத்த இரண்டு மூன்று பயணமும் நல்ல வெயில். தெப்பக்குளம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. பாலம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். அழகுபாண்டியின் வண்டிக்குள் இப்படி ஒரு அமைதி அதுவரை இருந்ததில்லை. முத்துத்தாய் இரண்டொரு தடவை, "என்ன மாமா, ஒண்ணும் பேசக் காணோம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நீ வேடிக்க பாத்துக்கிட்டு வா" என்றார். அவள் கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தடவை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. அழகுபாண்டி உள்ளுக்குள் குதித்தார். தெப்பக்குளத்தைத் தாண்டும்போது தூறல் பிடித்தது. பாலத்துக்கு முன்னாலேயே கொட்டத் தொடங்கியது. அவருக்கு ஒரு ஆசை. கண்ணாடி முழுக்க மழையில் மறைந்திருக்கும்போது வைப்பரைப் போட வேண்டும். ஒரே வழிப்பில் ஊர் மொத்தமும் அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும். வண்டியை ஒரு மருந்துக்கடை முன்னால் ஓரங்கட்டினார். கூரையில் மழை தடதடவென்று அடித்தது. கண்ணாடியில் தண்ணீர் திரை போல இறங்கியது. பக்கத்தில் நின்ற ஆட்டோகூடத் தெரியவில்லை.

"இப்பப் பாரு தாயி" என்றார்.

சொன்ன பிறகுதான் கண்ணாடியின் உள்பக்கமும் ஆவி படிந்திருப்பதைக் கவனித்தார். அதையும் துடைத்துவிட்டே போடலாம் என்று டேஷ்போர்டில் இருந்த மஞ்சள் துணியை எடுத்து எட்டி அவள் பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார். வைப்பரில் இன்னும் கையே வைக்கவில்லை.

முத்துத்தாய் முகத்தை நிமிர்த்தி, நேராக அந்தக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "அடேயப்பா! வழிச்செடுத்த மாதிரி துடைக்குதே மாமா. இப்பத்தான் எல்லாமே நல்லாத் தெரியுது. சத்தமும் இல்ல, நீங்க சொன்ன மாதிரியே."

துணியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், அவர் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி.

"தாயி" என்றார். "நான் இன்னும் வைப்பரே போடல."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. கையை நீட்டினாள், அது முதலில் அவர் தோளில் பட்டது, பிறகு தடவித் தடவிக் கண்ணாடியைத் தொட்டது.

"அந்தப் பழசுதான் சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சுல்ல" என்றாள். "அது கத்துறத வச்சுத்தான் வைப்பர் ஓடுதுன்னு தெரிஞ்சு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"எப்ப இருந்து தாயி?"

"ஆடியில இருந்தே மங்கல்தான். தீபாவளிக்கு முன்னாடி உங்க மொகமும் போயிருச்சு. இப்ப வெளிச்சம் இருக்கா இருட்டான்னு மட்டுந்தான் தெரியுது."

அவர் கேட்காமலேயே மிச்சத்தையும் அவளே சொன்னாள். மெஷினில் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியிலேயே கண் டாக்டர் வந்து பார்த்தாராம். சர்க்கரை கண்ணுக்குள் ஏறி நரம்பெல்லாம் கசிந்துவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நர்ஸ் கையைப் பிடித்து இவள்தான் தடுத்து வைத்திருக்கிறாள்.

பக்கத்திலேயே இருந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று பிற்பாடு ஊரில் கேட்டவர்கள் உண்டு. கேட்பது சுலபம். இரண்டே அறை கொண்ட வீடு. இருபது வருஷமாக அவள் கை புழங்கிய பாத்திரம், அவள் கால் புழங்கிய தரை. வெளியே வந்தால் அவர் தோள். கண் இல்லாததை மறைக்க அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அழகுபாண்டி அந்தக் கேள்விக்கு ஒருநாளும் இப்படிச் சமாதானம் சொன்னதில்லை. தெரியத்தான் இல்லை, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்வார்.

"எங்கிட்ட ஏன் தாயி சொல்லல?" என்றார்.

"சொன்னா பின்சீட்டுல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போவீக." அவள் முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "முன்னாடி உக்காந்தாத்தான நீங்க அத இதக் காட்டிப் பேசிக்கிட்டே வருவீக. நீங்க சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் தெரியும் மாமா. நெசமாத் தெரியும். ஆத்துல தண்ணி வருதுன்னு கத்தினீகள்ல, அன்னைக்கு நான் பாத்தேன். பொய் சொல்லல."

கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள். "இந்தப் புது வைப்பர் போட்டதுல இருந்துதான் ஒண்ணும் தெரியல. நீங்க பேசவே மாட்டேங்கிறீக."

மழை விடாமல் அடித்தது. அழகுபாண்டி துணியை மடித்து டேஷ்போர்டில் வைத்தார். எதற்காக அதை அவ்வளவு ஒழுங்காக மடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வைப்பரைப் போட்டார். சத்தமே இல்லாமல் அது வந்து போனது. மருந்துக்கடைப் பலகை, குடைக்குள் நிற்கும் ஆட்கள், பாலத்தின் ஏற்றம் எல்லாம் கழுவிவிட்டது போல அவள் பக்கத்தில் வந்து நின்றன. ஹரிராம் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு கோடுகூட விழவில்லை.

வண்டியை எடுத்துப் பாலத்தில் ஏற்றினார். வைகை இரு கரையும் தொட்டுப் போனது.

"அங்க..." என்று தொடங்கியவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் ஊரைக் காட்டியது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். கையை நீட்டிப் பாரு என்றால் போதும், மீதியைப் பார்க்கிறவர்கள் கண் பார்த்துக்கொண்டது. இப்போது நீட்டிய கையை வைத்து என்ன செய்வது?

"சொல்லுங்க மாமா."

"தண்ணி போகுது."

"என்ன நெறத்துல போகுது?"

அவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தப் பாலத்தைத் தாண்டியவர் ஆற்றின் நிறம் என்ன என்று யோசித்ததில்லை. "செம்மண்ணா இருக்கு. பழுப்பும் செவப்பும் கலந்து. நடுவுல சுழிச்சுக்கிட்டுப் போகுது, ஓரத்துல மெதுவா. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தா மெதந்து வருது... பச்சையா. ஒரு கொத்து பாலத்துத் தூண்ல முட்டி நிக்குது. இந்தா, விட்டுருச்சு. போகுது."

"ஆளுக நிக்கிறாகளா?"

"நெறயா. பாலத்துக் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. ஒரு பொம்பள கொடை பிடிக்காம நனைஞ்சுக்கிட்டே நிக்கிது. கையெடுத்துக் கும்பிடுது ஆத்த."

"வயசானவுகளா?"

"ஒன் வயசு இருக்கும். தலையில பூ வச்சிருக்கு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. பாலம் முடிந்தது. அக்கரை வந்தது, சிக்னல் வந்தது, திருப்பம் வந்தது. ஆறு கண்ணை விட்டு மறைந்த பிறகும் அவர் நிறுத்தாமல் ஆற்றையே சொல்லிக்கொண்டு போனார். மணல்திட்டில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கைச் சொன்னார். தண்ணீர் நாணலைப் படுக்க வைத்து, நடுவில் இருந்த கல் மண்டபத்தின் படிகளை ஒவ்வொன்றாக மூடுவதைச் சொன்னார். சலவைத்துணியைக் கரையேற்ற ஓடுகிறவர்களைச் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. மழைக்கோட்டு போட்ட வாட்ச்மேன் அவள் பக்கத்துக் கதவைத் திறக்க வந்தார். அழகுபாண்டி கண்ணாலேயே வேண்டாம் என்றார். இன்ஜினை அணைக்கவில்லை. வைப்பர் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே சக்கர நாற்காலிகளும் மருந்துப் பைகளும், பெரிய எழுத்தில் ஆஸ்பத்திரிப் பெயரும் துல்லியமாகத் தெரிந்தன.

வண்டி நின்றது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. வாசலின் டெட்டால் வாடை உள்ளே வந்துவிட்டது.

"அப்புறம் மாமா?" என்றாள். "இன்னும் பாலத்துலதான போறோம்?"

"ஆமா தாயி" என்றார் அழகுபாண்டி. "பாலத்துலதான் போறோம். தண்ணி இப்ப இன்னும் கூடிருச்சு."